வேலையில் நேரும் அங்கஹீனமும் நஷ்டஈட்டு உரிமையும்

சென்னை நகரின் மேற்கே, பாடிக்கும் அம்பத்தூருக்கும் அணித்தாக உள்ள முகப்பேர், முன்னாளில் ஏரியும் வயலும் உடைய சிற்றூர். அங்குள்ள சந்தான சீனிவாசப் பெருமாள் கோயிலுக்குப் பிள்ளை வரம் வேண்டி வருவோர் மிகுதியாதலின், மகப்பேறு என்ற சொல்லே நாளடைவில் முகப்பேர் என மருவிற்று என்பது ஊரார் கூறும் வரலாறு. ஏரிப் பகுதியில் இப்பொழுது வீட்டுவசதி வாரியத்தின் குடியிருப்புகள் நிரம்பியுள்ளன. அருகே அம்பத்தூரில் 1949-ஆம் வருஷம் டி.ஐ. சைக்கிள் கம்பெனி தோன்றியது. 1960-களில் சர்க்கார் அங்கே தொழிற்பேட்டை அமைத்தது. பாடியில் மோட்டார் உறுப்புகள் செய்யும் ஆலைகளும் அதே காலத்தில் எழுந்தன. இவற்றைச் சார்ந்து சிறு பட்டறைகள் நூற்றுக்கணக்கில் பெருகின. விடியற்காலையில் முகப்பேரிலிருந்து பேட்டையை நோக்கி நடந்தும் சைக்கிளிலும் செல்லும் கூட்டத்தில், அவ்வூரிலேயே பிறந்தவர் சிலரே. திருவள்ளூர், செய்யாறு, விழுப்புரம் முதலிய பகுதிகளின் கிராமங்களிலிருந்தும், பீகார், ஒரிஸ்ஸா முதலிய தூர தேசங்களிலிருந்தும் வந்து, ஓர் அறையில் ஐவர் அறுவராகத் தங்கியுள்ள வாலிபரே பலர்.

கிராமப் புனருத்தாரணத்தைக் கருதும் பத்திரிகையில் பேட்டையின் விஷயம் எதற்கு என ஒருவர் வினவக்கூடும். விரல் போவது பேட்டையில். அதன் பாரம் வந்து இறங்குவதோ கிராமத்தில். கையிழந்தவன் இரண்டொரு மாதம் அறையில் கிடந்து, வாடகை கொடுக்க இயலாமல், தாய் தந்தையரிடமே திரும்புகிறான். அவன் அனுப்பிவந்த பணத்தை நம்பி வாங்கிய கடன் அப்படியே நிற்கிறது. தங்கையின் விவாகம் தள்ளிப் போகிறது. ஆகையால் இப்பாடம் தொழிலாளிக்கு எவ்வளவு வேண்டுமோ, அவனுடைய ஊரிலுள்ள சங்கக் காரியதரிசிக்கும் பள்ளி ஆசிரியருக்கும் அவ்வளவு வேண்டும்.

பேட்டைகளில் கையை அதிகமாகக் கொள்ளைகொள்வது பவர் பிரஸ் எனப்படும் அழுத்து யந்திரம். கீழே டை என்னும் அச்சும், மேலே பஞ்ச் என்னும் குத்துளியும் இருக்கும். இடையே தகட்டைக் கையால் வைத்துக் காலால் மிதியை அழுத்தினால், பல டன் பாரத்துடன் பஞ்ச் இறங்கித் தகட்டை வெட்டும் அல்லது வளைக்கும். ஒரு ஷிப்டில் இவ்வேலையை ஆயிரக்கணக்கான தடவை செய்ய வேண்டியிருக்கும். கை உள்ளே இருக்கையில் கால் தவறி மிதித்தாலும், தேய்ந்த கிளட்ச் காரணமாக யந்திரம் ஒரு மிதிக்கு இருமுறை இறங்கினாலும், விரல்கள் நசுங்கிவிடும். இதைத் தடுக்க வழி இல்லாமல் இல்லை. இரு கைகளாலும் இரண்டு பொத்தான்களை ஒருங்கே அழுத்தினாலன்றி இறங்காத அமைப்பும், கை குறுக்கிட்டால் யந்திரத்தை நிறுத்தும் ஒளிச் சென்ஸாரும், கம்பிவலைக் காப்பும் உண்டு. ஆனால் இவை இருந்தால் உருப்படி குறைகிறது என்று கழற்றி மூலையில் வைத்துவிடும் பட்டறைகள் இருக்கின்றன. வடக்கே ஹரியானாவின் மோட்டார் உறுப்புப் பட்டறைகளை ஆராய்ந்து, சேஃப் இன் இந்தியா என்ற ஸ்தாபனம் 2019 முதல் வெளியிட்டுவரும் அறிக்கைகளிலும், விரலிழப்புக்கு முதற் காரணமாகப் பவர் பிரஸ்ஸே காணப்படுகிறது. காயமுற்றோரில் பெரும் பகுதியினருக்கு ஈ.எஸ்.ஐ. அட்டை விபத்துக்குப் பின்னரே கிடைத்தது என்ற செய்தியும் அவற்றில் உண்டு. இது கவனிக்கத்தக்கது, இதன் பொருள் பின்னர் விளங்கும்.

உரிமை எங்கிருந்து வந்தது

ஒரு காலத்தில் வேலைக்காரன் கையிழந்தால், எஜமானர் மனமிரங்கிக் கொடுப்பதே கிடைப்பதாயிருந்தது. நீதிமன்றத்துக்குச் சென்றால் எஜமானரின் குற்றத்தை அவனே நிரூபிக்க வேண்டும். அபாயம் தெரிந்தே வேலைக்கு வந்தான் என்றும், உடன் வேலை செய்தவனின் பிழை என்றும் சொல்லி எஜமானர் தப்பிக்கொள்ளலாம். 1884-இல் ஜெர்மனி, பிஸ்மார்க் மந்திரியாயிருந்தபோது, விபத்துக் காப்பீட்டுச் சட்டம் செய்தது. 1897-இல் இங்கிலாந்து நஷ்டஈட்டுச் சட்டம் செய்தது. இவ்விரண்டும் கொண்டுவந்த புதுமை, யார் குற்றம் என்ற கேள்வியையே பின்தள்ளியதுதான். யந்திரத் தொழிலில் விபத்து நேர்வது இயல்பாதலால், அதன் செலவு தொழிலின் செலவோடு சேர வேண்டும் என்பது கொள்கை.

இந்தியாவில் 1923-ஆம் வருஷத்துத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் இக்கொள்கையை ஏற்று 1924 ஜூலை 1-ந் தேதி அமுலுக்கு வந்தது. அதில் ஒரு குறை இருந்தது. பணம் கொடுக்க வேண்டியவர் தனித்தனி எஜமானர். அவர் இல்லாதவராயினும் ஓடிப்போனாலும் தீர்ப்பு வெறுங் காகிதமே. ஆகையால் பேராசிரியர் அதார்கர் 1944-இல் கொடுத்த அறிக்கையைப் பின்பற்றி, 1948-இல் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம், அதாவது ஜனங்கள் ஈ.எஸ்.ஐ. என்று வழங்கும் திட்டம், இயற்றப்பட்டது. அது 1952 பிப்ரவரியில் கான்பூரிலும் டில்லியிலும் தொடங்கி, 1955-இல் கோயம்புத்தூரின் வழியே தமிழ்நாட்டுக்கு வந்தது.

இவ்விரு சட்டங்களும் இப்பொழுது தனித்து நிற்கவில்லை. 2020-ஆம் வருஷத்துச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் இரண்டையும் தன்னுள் அடக்கிக்கொண்டு 2025 நவம்பர் 21-ந் தேதி அமுலுக்கு வந்தது. அத்தேதிக்கு முன் நேர்ந்த விபத்துகளுக்குப் பழைய சட்டமே ஆதாரம். பெயர் மாறினும் அடிப்படை விதிகளும் காய அட்டவணைகளும் பெரும்பாலும் முன்போலவே உள்ளன. ஆதலால் பழைய சட்டத்தின் கீழ் உச்ச நீதிமன்றம் கூறிய தீர்ப்புகள் இன்னும் வழிகாட்டிகளாகும்.

இரண்டு வழிகள்

அடிபட்டவன் முதலில் தெளிய வேண்டியது, தான் ஈ.எஸ்.ஐ.க்கு உட்பட்டவனா அல்லனா என்பதே. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தொழிற்சாலை பொதுவாக அதற்கு உட்பட்டது. தொழிலாளியின் மாத ஊதிய வரம்பு 2017 ஜனவரி முதல் 21,000 ரூபாய் என நிர்ணயிக்கப்பட்டது. எஜமானர் 3.25 சதவீதமும் தொழிலாளி 0.75 சதவீதமும் செலுத்தும் சந்தா 2019 ஜூலையில் ஏற்பட்டது. ஈ.எஸ்.ஐ.க்கு உட்பட்டவன் அதே காயத்துக்காக எஜமானரிடம் தனியே நஷ்டஈடு கேட்க இயலாது. ஒன்றை விட்டு மற்றொன்றைத் தெரிந்துகொள்ளும் சுதந்திரமும் அவனுக்கு இல்லை.

சிலர் இதை நஷ்டமாக எண்ணுகின்றனர், அது சரியன்று. நாள் ஒன்றுக்குச் சராசரி 600 ரூபாய் ஊதியம் பெறும் தொழிலாளி ஒருவனை எடுத்துக்கொள்வோம். வேலையில் பட்ட காயத்தால் அவன் வேலைக்குப் போக இயலாத நாட்களுக்கு, மூன்று நாட்களுக்குக் குறையாமல் இயலாமை நீடித்தால், ஊதியத்தில் 90 சதவீதம், அதாவது தினம் 540 ரூபாய் கிடைக்கும். இதற்கு இத்தனை நாள் என்ற உச்சவரம்பு கிடையாது; டாக்டர் சான்று கொடுக்கும் வரை நடக்கும். காயம் ஆறிய பின் நிரந்தர ஊனம் இருக்குமாயின், மருத்துவ போர்டு சம்பாதிக்கும் சக்தியில் எத்தனை பங்கு போயிற்று என்று நிர்ணயிக்கும். 20 சதவீதம் என்று முடிவாயின், அந்த 540-இல் 20 சதவீதமாகிய 108 ரூபாய் தினந்தோறும் ஆயுள் உள்ளவரை வரும். அவன் மறுபடி வேலைக்குப் போனாலும் இது நிற்பதில்லை. போர்டின் முடிவு குறைவாகத் தோன்றினால் மேல்முறையீடும் உண்டு. அயனாவரத்திலும் கலைஞர் கருணாநிதி நகரிலும் உள்ள ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிகளில் சிகிச்சை இலவசம்.

வேலைக் காயத்தைப் பொறுத்தவரை, இத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. முதல் நாள் முதல் மணியில் கை போனாலும் உரிமை உண்டு. எஜமானர் பெயரைப் பதியாமல் வைத்திருந்தாலும் தொழிலாளியின் உரிமை அதனால் அழிவதில்லை. கார்ப்பொரேஷன் அவனுக்குக் கொடுத்துவிட்டு எஜமானரிடம் வசூலித்துக்கொள்ளும் வழி சட்டத்தில் இருக்கிறது. விபத்துக்குப் பின் அவசர அவசரமாகப் பெயரைப் பதிந்து, சில நாள் கழித்து விபத்து நேர்ந்ததாக எழுதும் வழக்கம் இங்கேதான் தீங்கு செய்கிறது. காயத்தின் தேதியும் ஆஸ்பத்திரிச் சீட்டின் தேதியும் வேறுபடும்போது, பிற்பாடு அவதிப்படுபவன் தொழிலாளியே.

ஈ.எஸ்.ஐ.க்கு உட்படாதவர் இரண்டாம் வழியில் செல்ல வேண்டும். பத்துக்குக் குறைவான ஆட்களைக் கொண்ட பட்டறையில் இருப்பவரும், ஊதிய வரம்புக்கு மேற்பட்டவரும், கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்தவர் பலரும் இவ்வகையினர். கிராமத்தார் அறிய வேண்டிய ஒரு விஷயம்: டிராக்டர் முதலிய யந்திரங்களைக் கொண்டு செய்யும் விவசாய வேலையையும் 1923-ஆம் வருஷத்துச் சட்டத்தின் அட்டவணை சேர்த்துக்கொண்டிருந்தது. நஷ்டஈடு என்றால் ஆலைக்காரருக்கு மட்டுமே என்று எண்ணி, கதிரடிக்கும் யந்திரத்தில் கையிழந்தவரை வெறுங்கையுடன் அனுப்புவது தவறு.

கணக்கு

இரண்டாம் வழியில் தொகை ஒரே தடவையாகக் கிடைக்கும். அதைக் கணக்கிட மூன்று அம்சங்கள் வேண்டும்: மாத ஊதியம், விபத்தன்று வயது, இழந்த சக்தியின் சதவீதம். ஒவ்வொரு வயதுக்கும் சட்ட அட்டவணையில் ஒரு பெருக்கெண் உண்டு. 25 வயதுக்கு 216.91, 30-க்கு 207.98, 40-க்கு 184.17, 50-க்கு 153.09. இளையவன் இன்னும் அதிக காலம் சம்பாதிப்பான் ஆதலால் அவனுக்கு எண் பெரிது. மரணமாயின் ஊதியத்தில் 50 சதவீதத்தையும், முழு நிரந்தர ஊனமாயின் 60 சதவீதத்தையும் இந்த எண்ணால் பெருக்க வேண்டும். கணக்குக்கு எடுக்கும் ஊதியத்தின் உச்சவரம்பு பழைய சட்டத்தின் கீழ் 2020 ஜனவரியில் 15,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அதற்கு மேல் எவ்வளவு வாங்கினாலும் அச்சட்டப்படி கணக்கு அத்தொகைக்கே.

முப்பது வயதும் 15,000 ரூபாய் ஊதியமும் உடைய ஒருவன் முழுதும் முடமாயின், 9,000-ஐ 207.98-ஆல் பெருக்க, 18,71,820 ரூபாய் ஆகிறது. அவன் கட்டைவிரலை மட்டும் இழந்தானாயின் அட்டவணையில் அதற்கு 30 சதவீதம். ஆகவே 5,61,546 ரூபாய். ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14 சதவீதம், நடுவிரலுக்கு 12, மோதிர விரலுக்கோ சுண்டுவிரலுக்கோ 7. ஒரு கையின் மூன்று விரல்களுக்கு 30, நான்கு விரல்களுக்கு 50. மற்றது நல்ல நிலையில் இருக்க ஒரு கண் போனால் 40. சில வாரங்களில் தேறிவிடும் காயமாயின், ஊதியத்தில் 25 சதவீதம் அரை மாதத்துக்கு ஒரு முறை வரும். உண்மையான சிகிச்சைச் செலவை எஜமானர் தனியே கொடுக்க வேண்டும். அதை நஷ்டஈட்டில் கழித்துக்கொள்ள இடமில்லை.

இச்சதவீதங்களைக் கல்லில் பொறித்தவையாகக் கொள்ளலாகாது. ஒரிஸ்ஸாவில் 1968-இல் சினிமாக் கொட்டகை ஒன்றில் அலங்கார வேலை செய்த தச்சர் ஒருவர் கீழே விழுந்து, இடக்கை முழங்கைக்கு மேல் வெட்டப்பட்டது. அட்டவணைப்படி இது பகுதி ஊனமே என்று முதலாளி வாதாடினார். ஒரு கையால் தச்சு வேலை செய்ய இயலாது. ஆகையால் அம்மனிதரைப் பொறுத்தவரை ஊனம் முழுமையானதே என்று கமிஷனர் முடிவு செய்தார். 1975 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. நஷ்டஈடு விபத்து நேர்ந்த அன்றே கொடுபடத் தக்கதாகிறது, வழக்கு முடியும் நாளிலன்று என்பதும் அத்தீர்ப்பின் கொள்கை. ஒரு மாதத்துக்குள் கொடாவிடில் வருஷத்துக்கு 12 சதவீத வட்டியும், தக்க காரணமின்றித் தாமதித்தால் 50 சதவீதம் வரை தண்டமும் விதிக்கச் சட்டம் இடந்தருகிறது. முற்கூறிய கட்டைவிரல் கணக்கில் ஒரு வருஷ வட்டி மட்டுமே 67,000 ரூபாய்க்கு மேலாகும். வழக்கை இழுத்தால் தொழிலாளி சோர்ந்துபோவான் என்று எண்ணும் எஜமானர் இந்த எண்ணைக் கவனிப்பது நலம்.

சொல்லப்படும் தடைகள்

முதல் தடை, உன் அஜாக்கிரதையால் நேர்ந்தது என்பது. அஜாக்கிரதை என்பது இவ்வுரிமைக்குத் தடையே அன்று. குடிபோதையில் இருந்தாலும், பாதுகாப்புக்கென்று வெளிப்படையாக இடப்பட்ட உத்தரவை வேண்டுமென்றே மீறினாலும், காப்பைத் தெரிந்தே கழற்றினாலும்தான் எஜமானர் மறுக்கலாம். அப்பொழுதும் மரணமோ முழு நிரந்தர ஊனமோ நேர்ந்திருந்தால் மறுக்க இயலாது. காப்பைக் கழற்றியவர் ஃபோர்மேனாக இருக்கையில் இத்தடையைத் தொழிலாளியின் தலையில் வைப்பது பொருந்தாது.

இரண்டாம் தடை, நீ எங்கள் ஆள் அல்லன், கான்ட்ராக்டர் ஆள் என்பது. பேட்டையில் மிகவும் பழகிப்போன பேச்சு இது. கான்ட்ராக்டர் மூலம் வந்தவனாயினும், வேலை கம்பெனியின் தொழிலைச் சேர்ந்ததாயும் விபத்து அதன் இடத்தில் நேர்ந்ததாயும் இருந்தால், கம்பெனியே முதலில் பொறுப்பு. பின்பு அது கான்ட்ராக்டரிடம் வசூலித்துக்கொள்ளலாம். சந்தில் ஓர் அறையை ஆபீஸ் என்று வைத்துக்கொண்டு பாதி மாதத்தில் மறைந்துவிடும் கான்ட்ராக்டரைத் தேடித் தொழிலாளி அலைய வேண்டியதில்லை.

மூன்றாவது, வழியில் நேர்ந்த விபத்து. கேரளத்தில் 1971-இல் ஒரு தொழிலாளி நாலரை மணி ஷிப்டுக்குச் சைக்கிளில் சென்றுகொண்டிருந்தார். நாலே கால் மணிக்கு, ஆலைக்கு ஒரு கிலோமீட்டர் தூரத்தில், லாரி மோதிக் காறையெலும்பு முறிந்தது. வழக்கு இருபத்தைந்து வருஷம் நடந்தது. வேலைக்குப் போகும் வழி வேலையாகாது என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்த்தது. அந்தத் தொழிலாளிக்கு அதனால் ஒன்றும் கிடைக்கவில்லை; ஆனால் 2010-இல் பார்லிமெண்டு ஈ.எஸ்.ஐ. சட்டத்தைத் திருத்தி, வீட்டுக்கும் வேலைத்தலத்துக்கும் இடையே போகையிலும் வருகையிலும் நேரும் விபத்தையும், வேலையோடு அதற்குத் தொடர்பு இருக்குமாயின், சேர்த்தது. நஷ்டஈட்டுச் சட்டத்துக்கும் அக்கருத்தே பொருந்தும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கூறிற்று. 2020-ஆம் வருஷத் தொகுப்பிலும் இது இடம்பெற்றுள்ளது. முகப்பேரிலிருந்து பேட்டைக்குச் சைக்கிளில் போகிறவருக்கு இது சாமானிய விஷயமன்று.

காயம் என்றால் ரத்தம் வந்தே தீர வேண்டும் என்பதும் இல்லை. முலாம் பூசும் பட்டறைகளில் குரோமியத்தால் தோலிலும் மூக்கிலும் உண்டாகும் புண், ஓயாத இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மை, ஈய விஷம், கல்தூளால் நுரையீரலில் வரும் சிலிகோசிஸ் ஆகியவை தொழில் நோய்கள் என அட்டவணையில் கண்டிருக்கின்றன. அவையும் விபத்துக்குச் சமமே.

முதல் நாள்

உரிமை பெரும்பாலும் கோர்ட்டில் தோற்பதில்லை. விபத்து நடந்த அன்றே ஆஸ்பத்திரி வாசலில் தோற்றுவிடுகிறது. விரல் நசுங்கியவனைச் சூப்பர்வைசர் தம் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு, ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குப் போகாமல், அறிமுகமான தனியார் நர்சிங் ஹோமுக்குப் போகிறார். எப்படி நேர்ந்தது என்று டாக்டர் கேட்கையில், வண்டிச் சங்கிலியில் மாட்டிக்கொண்டது என்றோ, அறைக் கதவில் நசுங்கிற்று என்றோ அவரே பதில் சொல்லிவிடுகிறார். வலியில் துடிப்பவன் வாய்திறப்பதில்லை. தமிழ் அறியாத பீகார் வாலிபனாயின் என்ன எழுதப்பட்டது என்றே அவனுக்குத் தெரியாது. செலவு முழுதையும் கம்பெனி கட்டுகிறது. அவனும் முதலாளி நல்லவர் என்று நினைக்கிறான். பத்து நாள் கழித்து ஒரு தொகை கையில் கொடுக்கப்படுகிறது. இனி யாதொரு பாத்தியதையும் இல்லை என எழுதிய தாளிலோ, ஒன்றும் எழுதாத வெள்ளைத் தாளிலோ கையெழுத்து வாங்கப்படுகிறது. ஐந்தரை லக்ஷம் வர வேண்டிய விரலுக்கு அவனுடைய இரண்டு மாதச் சம்பளம் கொடுத்து முடிந்துவிடுகிறது.

சிறு பட்டறை முதலாளி ஒவ்வொருவரும் கொடியவர் என்பது இதன் கருத்தன்று. அவருக்கும் கடன் உண்டு. இரண்டு லக்ஷம் கொடுக்கவே திணறுவார். ஆனால் அந்தக் கஷ்டத்துக்குத்தான் காப்பீடு ஏற்பட்டிருக்கிறது. ஈ.எஸ்.ஐ. சந்தாவை ஒழுங்காகக் கட்டுகிறவருக்கு விபத்தன்று ஒரு காசும் கூடுதற் செலவில்லை. அதற்கு உட்படாதவர் கம்பெனிகளிடம் நஷ்டஈட்டுப் பாலிசி வாங்கலாம்.

கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்று அஞ்சி ஊருக்குத் திரும்பியவர் ஒன்றை அறிய வேண்டும். நஷ்டஈட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதிய ஒப்பந்தம் செல்லாது என்று 1923-ஆம் வருஷத்துச் சட்டமே கூறிற்று. ஒரே தொகையாகத் தீர்த்துக்கொண்ட ஏற்பாடு கமிஷனரிடம் பதிவாக வேண்டும். தொகை போதாது என்று கண்டால் அவர் பதிய மறுக்கலாம். மரண விஷயத்தில் எஜமானர் விதவையின் கையில் கொடுத்த பணம் நஷ்டஈடாகவே கருதப்படாது. கமிஷனரிடம் கட்டிய பின்னரே கருதப்படும். ஆகையால் வாங்கிய சிறு தொகை உரிமைக்கு முற்றுப்புள்ளி அன்று.

எனினும் முதல் நாளிலேயே சரியாகச் செய்வது எளிது. காயத்தைக் காணும் முதல் டாக்டரிடம், இன்ன இடத்தில், இன்ன யந்திரத்தில், இத்தனை மணிக்கு நேர்ந்தது என்று சொல்லி எழுதச் செய்ய வேண்டும். அரசாங்க ஆஸ்பத்திரியாயின் ஏ.ஆர். என்னும் விபத்துப் பதிவேட்டின் நகலைக் கேட்டுப் பெற வேண்டும். எஜமானர் கார்ப்பொரேஷனுக்கு விபத்து அறிக்கை அனுப்பினாரா என்று விசாரிக்க வேண்டும். அனுப்பாவிடில் தொழிலாளியோ உறவினரோ கிளை ஆபீசுக்குத் தாமே எழுதி, ரசீதுடன் தபாலில் அனுப்பலாம். இரண்டாம் வழிக்காரராயின் எஜமானருக்கு அதே விதமாக எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். அருகில் நின்ற இரண்டு தோழர்களின் பெயரையும் சொந்த ஊரையும் அன்றே குறித்துவைத்தல் அவசியம்; ஆறு மாதத்தில் அவர்கள் ஓசூருக்கோ திருப்பூருக்கோ போய்விடுவர். சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கில் வரவு, கேட்டில் கொடுக்கும் அடையாள அட்டை, ஓவர்டைம் எழுதிய துண்டுக் காகிதம் ஆகிய எதையும் எறியலாகாது. யந்திரத்தில் காப்பு இல்லையாயின் தொழிலகப் பாதுகாப்பு இயக்ககத்துக்கும் ஒரு மனு அனுப்புவது, அடுத்து அதே யந்திரத்தில் உட்காரப் போகிறவனைக் காக்கும்.

மனுவும் பணமும்

தமிழ்நாட்டில் நஷ்டஈட்டு மனுக்களை விசாரிப்பவர் தொழிலாளர் துணைக் கமிஷனர் பதவியிலுள்ள உத்தியோகஸ்தர். சென்னையில் தொழிலாளர் இலாகாவின் காரியாலயம் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் உள்ளது. ஆனால் சென்னைக்கே வர வேண்டும் என்ற நிர்ப்பந்தம் இல்லை. விபத்து நேர்ந்த இடத்தில் மட்டுமன்றி, மனுதாரர் வசிக்கும் ஜில்லாவிலும் மனு கொடுக்கலாம் என 1995-இல் திருத்தம் ஏற்பட்டது. விழுப்புரத்து வாலிபர் விழுப்புரம் பகுதிக்குரிய அதிகாரியிடமும், ஒரிஸ்ஸாக்காரர் ஒரிஸ்ஸாவிலும் கேட்கலாம். மனுவுக்குப் பழைய சட்டம் வைத்த தவணை இரண்டு வருஷம். தக்க காரணமிருந்தால் தாமதத்தை மன்னிக்கவும் இடமளித்தது. அதை நம்பி நாள் கடத்துவது விவேகமன்று.

இவ்விடத்தில் கிராம சங்கங்கள் செய்யக்கூடியது அதிகம். இம்மாகாணத்தின் முதல் கிராமக் கூட்டுறவுக் கடன் சங்கம் 1904-இல் பதிவானது, அம்பத்தூரிலிருந்து அதிக தூரமில்லாத திரூரில். வட்டிக்காரரிடமிருந்து குடியானவரை மீட்பதற்காக எழுந்த அவ்வியக்கத்துக்கு, கையிழந்து திரும்பும் குடியானவரின் மகன் அந்நியனல்லன். மனு எழுதத் தெரிந்த காரியதரிசி ஒருவர், விபத்தின் தேதியைக் கேட்டறிந்து இரண்டு தபால் அனுப்பினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

தொகை வந்த பின் இன்னொரு அபாயம் தொடங்குகிறது. கமிஷனர் ஆபீசில் பணம் வந்த செய்தி எப்படியோ கடன்காரர் காதுக்கு எட்டிவிடுகிறது. நஷ்டஈட்டுத் தொகையைக் கடனுக்காக ஜப்தி செய்யவோ, முன்கூட்டி எழுதி வாங்கிக்கொள்ளவோ சட்டம் இடம் கொடுப்பதில்லை. பணம் வரும்போது பாதி தருகிறேன் என்று தரகருக்கு எழுதிக்கொடுத்த சீட்டுக்கும் இவ்விதியே தடை. ஆனால் கையில் வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்த ரொக்கத்தைச் சட்டம் காக்க இயலாது; உறவினர் கேட்கும் கைமாற்றும், மோட்டார் சைக்கிளும், திருவிழாவும் அதைக் கரைத்துவிடும். மரண வழக்குகளில் விதவையின் பங்கையும் மைனர் குழந்தைகளின் பங்கையும் வங்கியில் முதலீடு செய்து வட்டியை மட்டும் கொடுத்துவரக் கமிஷனருக்கு அதிகாரம் உண்டு. விதவை தாமே மனுச் செய்து அவ்விதம் கோரலாம். விரலிழந்தவர் தம் தொகையை அதே விதமாக மத்தியக் கூட்டுறவு பாங்கியிலோ தபாலாபீசிலோ தவணை டெபாசிட்டாக வைத்து, அதன் வட்டி வரும் காலத்திற்குள், மிஞ்சிய விரல்களால் செய்யக்கூடிய வேலை யாது என்று ஆராயலாம். கட்டைவிரல் போன கையால் லேத் பிடிக்க இயலாது. பொருட்கணக்கு எழுதலாம், ஸ்டோர் பார்க்கலாம், கடை நடத்தலாம், பால் சங்கத்தில் அளவு பார்க்கலாம்.